பதிலி நாட்களின் கணக்கு

எங்கள் நூல் மில் கோவையில், சிங்காநல்லூர்ப் பக்கம். 2011-இல் மூடினார்கள். மின்வெட்டு ஒரு பக்கம், தாறுமாறாக ஏறி இறங்கிய பஞ்சு விலை ஒரு பக்கம். பி.எஃப். பணம் பெரிய தகராறு இல்லாமல் வந்துவிட்டது. வேலை பார்த்த வருஷங்களுக்கு ஏற்ப மில் தரவேண்டிய பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டிதான் இழுத்தடித்தது. காரணம், நான் பதிலியாக இருந்த வருஷங்கள்.

1982-இல் இருந்து ஆறு வருஷம் எனக்குப் பதிலி வேலைதான். சங்கு ஊதுமுன்பே கேட்டில் போய் நிற்க வேண்டும். நிரந்தரத் தொழிலாளி யாராவது வரவில்லை என்றால் மேஸ்திரி கூட்டத்தைப் பார்த்து விரல் நீட்டுவார். விரல் நம் பக்கம் வந்தால் அன்றைக்குச் சம்பளம், இல்லாவிட்டால் வீட்டுக்கு நடை. முழு நைட்டுக்குத்தான் ஆள் அதிகம் குறையும். நாங்கள் நம்பியிருந்ததும் அதைத்தான். நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரத்தில் அறுந்த இழையைப் பிணைத்தபடி விடியும்வரை சைடு மாற்றி சைடு நடப்போம். நூல் அறாமலிருக்க உள்ளே ஈரப்பதம் வைத்திருப்பார்கள். வியர்வையில் சட்டை உடம்போடு ஒட்டும், அதன்மேல் பஞ்சு ஒட்டும். டீக்கடைக்காரர், "வெளியே உதறிட்டு வாங்க சாமி" என்பார். நோன்பி, பொங்கல் என்றால் எங்களுக்குக் கொண்டாட்டம். ஊருக்குப் போனவர்களின் வேலை முழுக்க எங்கள் கைக்கு வரும்.

சரி, கிராஜுவிட்டிக்கு வருகிறேன். அப்போதைய சட்டப்படி, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த கடைசி மாதத் தொகையை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஒரு வருஷத்துக்கு உரியது கிடைக்கும். எனக்கு 7,800 ரூபாய், ஆக வருஷத்துக்கு 4,500. நிர்வாகம், நான் நிரந்தரமான 1988-இல் இருந்து 23 வருஷம் மட்டும் கணக்குப் போட்டது. பதிலிக் காலம் சேராதாம். யூனியன் அண்ணன் ஒருவர்தான் சட்டத்தைப் பிரித்துக் காட்டினார்: பதிலியாகவே இருந்தாலும் 12 மாதத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அந்த வருஷம் கணக்கில் வரும்.

நிர்வாகத்துக்கு விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்தினேன். மறுப்புக் கடிதம் வந்தது. 90 நாள் கெடு முடிவதற்குள் தொழிலாளர் துறையில், கிராஜுவிட்டியை வாங்கித் தரக் கேட்கும் 'N' படிவம் கொடுத்தேன். வக்கீல் வைக்கவில்லை. அப்புறம் வாய்தா மேல் வாய்தா. பழைய ஹாஜர்ப் பதிவேடுகளைக் கரையான் அரித்துவிட்டது என்றார் நிர்வாகத்தின் ஆள்.

நல்லவேளை, எங்கள் வீட்டில் கரையான் இல்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் மில் பெயர் அச்சடித்த எந்தத் தாளையும் தூக்கிப் போடமாட்டார்; கம்பியில் குத்தி உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொரு சம்பளச் சீட்டிலும் அந்த மாதம் வேலை செய்த நாள் இருந்தது. கூட்டிப் பார்த்தால் முதல் இரண்டு வருஷம் 240-ஐ எட்டவில்லை. மேஸ்திரிக்கு அப்போது முகம் பழகவில்லை, வேறென்ன! மற்ற நான்கு வருஷமும் தாராளமாகத் தாண்டியிருந்தது.

27 வருஷத்துக்கு 1,21,500 ரூபாயும் 10 சதவீதத் தனிவட்டியும் தரச் சொல்லி உத்தரவானது. மேல்முறையீடு செய்வதானால் நிர்வாகம் முதலில் முழுத் தொகையையும் கட்ட வேண்டும். அவர்கள் அதையும் செய்யவில்லை, பணமும் தரவில்லை. நிலவரி பாக்கியைப் போல வசூலித்துத் தரும்படி கலெக்டருக்குச் சான்றிதழ் அனுப்பச் சொல்லி இன்னொரு மனு போட்டேன். தாலுகா ஆபீசிலிருந்து நோட்டீஸ் போன பிறகுதான் செக் வந்தது.

என்னோடு கேட்டில் நின்றவர்களில் சீட்டு வைத்திருந்தவர்கள் சிலர்தான். ஒரு நண்பருக்கு நான் சாட்சி சொன்னேன். அவர் எந்த பிரேமில் நின்றார், ஷிப்ட் மேஸ்திரி யார், அடுத்த சைடில் யார் என்று குறுக்குக் கேள்வி கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். முழு நைட்டில் எதிரெதிரே நடந்தவனுக்கு அது மறக்குமா? அவருடைய பி.எஃப். கணக்குச் சீட்டும் ஒத்துப்போனதால் இரண்டு வருஷம் கூடச் சேர்ந்தது. மற்றவர்கள் நிரந்தரமான தேதியிலிருந்துதான் வாங்கினார்கள்.