டோபிக் தேர்வுக்கு நான் சேர்த்த சொற்கள்

டோபிக் என்பது கொரிய மொழித் திறன் தேர்வு. முதல் தடவை டோபிக் 2 எழுதியபோது 300-க்கு 140 வாங்கினேன். கேட்டலில் 62, வாசிப்பில் 58, எழுத்தில் வெறும் 20. மூன்றாம் நிலைக்கு 120 போதும், நாலாம் நிலைக்கு 150 வேண்டும். பத்து மதிப்பெண்ணில் கோட்டை விட்டேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரிய உதிரிபாகக் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் எனக்கு வேலை. மொழிபெயர்ப்புப் பிரிவுக்கு மாற வேண்டுமானால் நாலாம் நிலைச் சான்றிதழோடு வா என்று சொல்லியிருந்தார்கள். அடுத்த தடவை 178 எடுத்தேன். நடுவில் என்ன செய்தாய் என்று கூட வேலை செய்யும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதி வைக்கிறேன்.

முதல் தடவை நான் படித்த லட்சணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். செல்போனில் ஒரு செயலி. நாளைக்கு 50 சொல். முன்பக்கம் கொரியச் சொல், திருப்பினால் ஆங்கிலப் பொருள். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து தட்டிக்கொண்டே வருவேன். மூவாயிரம் சொல் தெரியும் என்று செயலி பாராட்டிக்கொண்டிருந்தது.

மே மாதம், மதியச் சாப்பாடு. எங்கள் பிரிவின் புஜாங்நிம், அதாவது கொரியரான பிரிவுத் தலைவர், எதிரே உட்கார்ந்து கொதிக்கக் கொதிக்க சூப் குடித்தார். நெற்றியெல்லாம் வியர்வை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு "ஆ, ஷிவொன்ஹாதா!" என்றார். என் செயலியில் அந்தச் சொல்லுக்குப் பொருள் 'குளிர்ச்சியான'. சூடாகத்தானே இருக்கிறது என்று நான் கேட்க, அவர் சிரித்துக்கொண்டே நெஞ்சைத் தடவிக் காட்டினார். எங்கள் தாத்தா வெந்நீரில் குளித்துவிட்டு வந்து "அப்பாடா, இதமா இருக்கு" என்பாரே, அதுதான் அது. முதுகைச் சொறிந்துவிட்டாலும் அதே சொல்தானாம். மூவாயிரம் சொல்லில் எத்தனை எனக்கு இப்படித் தெரியாமலே தெரிந்திருந்தன என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்த வாரக் கடைசியில் தற்செயலாக 'மல்மோயி' படம் பார்த்தேன். 2019 ஜனவரியில் வந்தது, ஓம் யூனா எழுதி இயக்கியது. கதை 1940-களில், ஜப்பானிய ஆட்சியில் இருந்த சியோலில் நடக்கிறது. பான்சூ என்றொரு பிக்பாக்கெட், எழுதப் படிக்கத் தெரியாதவன். அவன் அடித்த பை, ரகசியமாகக் கொரிய அகராதி தயாரித்துக்கொண்டிருக்கும் மொழிக் கழகத் தலைவர் ஜோங்ஹ்வானுடையது. சுற்றி வளைத்து பான்சூ அந்தக் கழகத்திலேயே எடுபிடியாகச் சேர்கிறான். வட்டார வழக்குச் சொற்கள் வேண்டும், ஊர் ஊராகப் போய்த் திரட்ட ஆளில்லை, காலமுமில்லை. அப்போது பான்சூ தன்னோடு ஜெயிலில் இருந்த பல ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்துவான். 'எங்க ஊர்ல இப்படிச் சொல்லுவோம்' என்று ஆளாளுக்குச் சொல்ல, பண்டிதர்கள் விழுந்து விழுந்து எழுதிக்கொள்வார்கள். அழுகாச்சிக் காட்சிகள் கொஞ்சம் தூக்கல்தான். ஆனாலும் இந்த ஒரு இடத்துக்காகவே படத்தை மன்னிக்கலாம்.

'மல்' என்றால் பேச்சு, 'மோயி' என்றால் சேர்த்தது. ஜூ ஷிக்யோங் என்ற மொழியறிஞர் தன் மாணவர்களோடு 1911-இல் தொடங்கிய அகராதியின் பெயர் இது. 1914-இல் அவர் இறந்துவிட, வேலை நின்றது. பிறகு கொரிய மொழிக் கழகத்தார் கையிலெடுத்தார்கள். பான்சூ கற்பனை, ஆனால் கழகம் நிஜம். 1942 அக்டோபரில் தொடங்கிய கைது நடவடிக்கையில் 33 பேர் வழக்கில் சிக்கினார்கள். அவர்களில் யீ யுன்ஜே, ஹான் ஜிங் இருவரும் சிறையிலேயே இறந்தார்கள். வழக்குச் சாட்சியமாகப் பறிமுதல் செய்த கையெழுத்துப் படி, 26,500 தாளுக்கும் மேல், எங்கே போனதென்றே தெரியவில்லை. விடுதலை கிடைத்த அடுத்த மாதம், 1945 செப்டம்பரில், சியோல் ரயில் நிலையச் சரக்குக் கிடங்கில் அது கிடைத்தது. 1947-இல் முதல் தொகுதி அச்சானது, ஆறாவது தொகுதி 1957-இல்.

சரி, இதற்கும் பரீட்சைக்கும் என்ன சம்பந்தம்? மறுநாள் செயலியை அழித்துவிட்டு நூற்றறுபது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். அட்டையில் 'மல்மோயி' என்று எழுதினேன். நானாகக் கேட்ட, நானாக வாசித்த சொல் மட்டும்தான் அதில் ஏறும். யார், எப்போது, எதற்குச் சொன்னார்கள் என்று ஒரு வரி. அடுத்து அந்தச் சொல் வந்த வாக்கியம் முழுசாக. பொருள் தமிழில் மட்டும், அதுவும் எங்கள் வீட்டில் புழங்கும் தமிழில்.

தமிழில் எழுதத் தொடங்கியதும் கதவு திறந்தது மாதிரி இருந்தது. 'தப்தப்ஹாதா': காற்றில்லாத அறைக்கும் சொல்கிறார்கள், சொன்னது புரியாத ஆளிடமும் சொல்கிறார்கள். என் நோட்டில் 'புழுக்கம்' என்று இருக்கிறது. நமக்கும் மனப்புழுக்கம் உண்டே! 'சொவுன்ஹாதா' மனத்தாங்கல். 'நுன்ச்சி' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் பத்தி பத்தியாக விளக்கம் எழுதுகிறார்கள். வள்ளுவர் அதற்கு 'குறிப்பறிதல்' என்று அதிகாரமே வைத்திருக்கிறார். எட்டு மாதத்தில் சேர்ந்தது 900 சொல்தான். ஆனால் அந்த 900-மும் தேர்வறையில் கூப்பிட்டவுடன் வந்தன.

இடையில் ஒன்று. 'கொரியனும் தமிழும் ஒண்ணு, ஓம்மா அப்பா பாரு' என்று சுற்றும் வீடியோக்களை நம்பிப் படிக்காமல் இருந்துவிடாதீர்கள். அந்தச் சொற்களுக்கு யாரும் மதிப்பெண் போடப் போவதில்லை. நமக்கு உண்மையில் கை கொடுப்பது வாக்கிய அமைப்பு. வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டும். வாக்கியத்தை வலமிருந்து இடமாகப் பிரித்துப் பார்க்கும் சிரமம் நமக்கு இல்லை. நம் ககரம் மாதிரியே அவர்களுடைய ககரமும் சொல்லின் நடுவில் மெலிந்து ஒலிக்கும். ஆனால் 'தல்' நிலா, மூச்சை ஊதிச் சொன்னால் முகமூடி, இறுக்கிச் சொன்னால் மகள். இந்த மூன்றையும் பிரித்துக் கேட்க எனக்கு இரண்டு மாதம் ஆனது.

எழுத்துக்கூட்டலும் அப்படித்தான் படுத்தியது. பூவுக்குக் 'கொத்' என்பார்கள். அதோடு எழுவாய் உருபு சேர்ந்தால் 'கொச்சி', 'மட்டும்' என்ற பொருளில் உருபு சேர்ந்தால் 'கொன்மன்'. மூன்று விதமாக ஒலித்தாலும் பூவை ஒரே மாதிரிதான் எழுத வேண்டும். ஏன் இந்த வம்பு என்று தேடினால் அதுவும் இதே கழகத்தின் வேலை. ஒலி எப்படி மாறினாலும் வேர்ச்சொல்லை ஒரே உருவில் எழுதுவது என்ற ஜூ ஷிக்யோங்கின் கொள்கைப்படி 1933-இல் அவர்கள் வகுத்த எழுத்து விதி. காரணம் தெரிந்த பிறகு எழுத்துப்பிழை குறைந்தது. வாசிப்பில் அது வரமாகவே மாறியது, அறிமுகமில்லாத சொல்லிலும் வேர் கண்ணில் பட்டுவிடுகிறது.

இப்போது எழுத்துத் தாள். என்னைக் கவிழ்த்ததும் தூக்கியதும் இதுதான். நாலு கேள்வி, 50 நிமிடம். கேள்வி எண் 51, 52 கோடிட்ட இடம், தலா 10 மதிப்பெண். 53 வரைபடத்தைப் பார்த்து 200 முதல் 300 எழுத்து, 30 மதிப்பெண். 54 கட்டுரை, 600 முதல் 700 எழுத்து, 50 மதிப்பெண். எழுதுவது 'வொன்கோஜி' என்ற கட்டம் போட்ட தாளில். ஓர் அசைக்கு ஒரு கட்டம், சொல் இடைவெளிக்கு ஒரு கட்டம், எண்ணென்றால் கட்டத்துக்கு இரண்டு, பத்தி தொடங்கினால் முதல் கட்டம் காலி. முதல் தடவை இதையெல்லாம் தேர்வறையில்தான் பார்த்தேன். 54-இல் நாலு வரியோடு மணியடித்துவிட்டது. போதாக்குறைக்கு 53-ஐ முழுக்கப் பேச்சு மரியாதை விகுதி போட்டு எழுதியிருந்தேன். 53, 54 இரண்டுக்கும் செய்தித்தாள் நடைதான் வேண்டும்.

இரண்டாம் தடவைக்கு வொன்கோஜியை நகலெடுத்து, வாரம் இரண்டு கட்டுரை, கடிகாரம் வைத்து எழுதினேன். 53-க்குப் பன்னிரண்டு நிமிடம், 54-க்கு முப்பது. நோட்டுச் சொற்களில் ஐந்தையாவது ஒவ்வொரு கட்டுரையிலும் புகுத்துவது என் கணக்கு. எழுதியதை புஜாங்நிம்மிடம் நீட்டுவேன். சிவப்புப் பேனாவால் திருத்தி, ஓரத்தில் 'தமிழ் வாசனை' என்று சில நேரம் எழுதியிருப்பார். 20 இருந்தது 42 ஆனது இப்படித்தான்.

கேட்டலுக்குப் படம் பார்த்துத் தயாராகலாமா என்று கேட்பவர்களுக்கு: சரித்திரப் படம் வேண்டவே வேண்டாம். மல்மோயியில் பாதிப் பேர் வட்டார வழக்கில் பேசுகிறார்கள், மீதி நேரம் ஜப்பானியம். தேர்வில் வருவது செய்தி, நேர்காணல், அலுவலக உரையாடல். முதல் 20 கேள்விக்கு ஒலிப்பதிவு ஒரே தடவைதான் ஓடும், 21-இலிருந்து இரண்டு தடவை. அதற்குப் பழைய வினாத்தாள் ஒலிப்பதிவுதான் மருந்து.

படத்தைத் தேர்வு எழுதிய அன்று சாயங்காலம் பாருங்கள். எழுத்து கற்றுக்கொண்ட பான்சூ தெருவில் நடந்துகொண்டே கடைப் பலகைகளை வாசிக்கும் இடம் வரும். நானும் ஸ்ரீபெரும்புதூரில் கொரிய மளிகைக் கடைப் பலகை முன்னால் இறங்கி நின்று, ஒவ்வொரு அசையாக வாய்விட்டு வாசித்திருக்கிறேன். ஷேர் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.