இடைவெளிக்குப் பிறகு லிங்க்ட்இனில் வேலை தேடியபோது

குழந்தை பிறந்ததும் விட்ட வேலைக்குத் திரும்ப லிங்க்ட்இனில்தான் தேடினேன். ஊர் கோவை, வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங். என்னைப்போல் இடைவெளி விட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் புரொஃபைல். இடைவெளியை மறைக்கவே வேண்டாம். 2022 முதல் 'கேரியர் பிரேக்' என்றே ஒரு பகுதி அங்கே இருக்கிறது, காரணத்தையும் குறிப்பிடலாம். நான் குழந்தை வளர்ப்பு என்று போட்டேன். பெயருக்குக் கீழே வரும் வரியில் 220 எழுத்து வரை இடமுண்டு. அதில் 'வேலை தேடுகிறேன்' என்பதைவிட செலினியம், ஏபிஐ டெஸ்டிங் என்று தெரிந்த டெஸ்டிங் கருவிகளையும் முறைகளையும் எழுதுங்கள். ஆள் எடுப்பவர்கள் அந்தச் சொற்களைப் போட்டுத்தான் தேடுகிறார்கள். வேலைக்குத் தயார் என்று காட்டும் 'ஓப்பன் டு வொர்க்' போட்டால் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வரும். வேண்டாமென்றால் ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கலாம்.

லிங்க்ட்இனிலேயே விண்ணப்பிக்க உதவும் 'ஈஸி அப்ளை' பட்டனை அழுத்தி அனுப்பியவற்றுக்குப் பெரும்பாலும் பதிலே வரவில்லை. எனக்கு வழி பிறந்தது படித்த கல்லூரியின் பக்கத்தில். அங்கே 'அலம்னை' என்ற பிரிவில், நம் கல்லூரிக்காரர்கள் யார் எந்த ஊரில், எந்த கம்பெனியில், என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். கோவை, டெஸ்டிங் என்று தேர்ந்தெடுத்ததும் ஒரு சீனியர் அக்காவின் பெயர் வந்தது. அவருக்கு இப்படி எழுதினேன்:

"அக்கா, நானும் நம்ம காலேஜ் ஐடி டிபார்ட்மென்ட்தான், உங்க ஜூனியர். உங்க டீமுக்கு டெஸ்டிங் ஆள் எடுக்கிறதா பார்த்தேன். எதையெல்லாம் படிச்சிட்டு வரணும்னு பத்து நிமிஷம் பேச முடியுமா?"

வேலை வாங்கித் தாருங்கள் என்று கேட்டிருந்தால் அவர் என்ன செய்வார், பாவம்! இதற்கு அன்று மாலையே போனில் பேசினார். ரெஸ்யூமேயில் பழைய புராஜெக்ட்டுகளைச் சுருக்கி, இடைவெளியில் படித்ததை மேலே கொண்டுவரச் சொன்னார். அப்புறம் அவரே கம்பெனிக்குள்ளிருந்து என்னைப் பரிந்துரைத்து ரெஃபரல் போட்டார். நேர்காணலில் இடைவெளியைப் பற்றி ஒரே கேள்விதான். லாகின் பக்கத்துக்கு டெஸ்ட் கேஸ் எழுதச் சொல்லித்தான் வெகுநேரம் கேட்டார்கள். வேலை கிடைத்தது.

ஒன்றில் மட்டும் கவனம். ரெக்ரூட்டர் என்று சொல்லிக்கொண்டு பதிவுக் கட்டணம், லேப்டாப்புக்கு டெபாசிட் என்று கேட்பவர்கள் அங்கேயும் வருகிறார்கள். வேலை தருகிற கம்பெனி நம்மிடம் பணம் கேட்காது. யாராவது கட்டிவிட்டிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு அதிகம்.