லூயிஜி மாடல்: சன்போர்டில் 1/18 அளவு

பேசும் கார்களே பாத்திரங்களாக வரும் 'கார்ஸ்' (2006) அனிமேஷன் படத்தில் டயர் கடை நடத்தும் லூயிஜி, 1959ஆம் ஆண்டு ஃபியட் 500. நிஜ வண்டி 2.97 மீட்டர் நீளம், அகலமும் உயரமும் 1.32 மீட்டர். 1/18 அளவில் 165 x 73 x 73 மி.மீ. வரும். ஆனால் வரைபடத்தை அப்படியே பார்த்து இழைத்தால் அருமையான ஃபியட் கிடைக்கும், லூயிஜி கிடைக்க மாட்டார். படத்தில் கண்கள் ஹெட்லைட்டில் இல்லை, முன்கண்ணாடியில் இருக்கின்றன. 500-இன் கண்ணாடியோ குட்டை. இந்த அளவில் சுமார் 20 மி.மீ. உயரம்தான், கண் வைத்தால் தூங்குமூஞ்சியாகத் தெரியும். அதை 26 ஆக்கியிருக்கிறேன். கூடுதல் 6 மி.மீ.-ஐ பானட் பக்கம் இறக்கித்தான் எடுக்க வேண்டும். கூரையை உயர்த்தினால் வண்டியின் குள்ளத்தனமே போய்விடும். கதவுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் 6 மி.மீ. குறைத்தேன், உருண்டை வடிவம் அங்கேதான் வந்தது.

உடலுக்கு 5 மி.மீ. சன்போர்டு (பிவிசி நுரைப் பலகை), 15 அடுக்கு. ஒவ்வொன்றும் பக்கவாட்டுத் தோற்றத்தின் வெட்டு. இரு ஓரங்களிலும் கடைசி இரண்டு அடுக்குகளை ஜன்னலின் கீழ்க்கோட்டோடு நிறுத்திவிட வேண்டும், மேலே வண்டி குறுகுவதால். சூப்பர் க்ளூவை ஓரத்திலிருந்து 8 மி.மீ. தள்ளி, உள்ளே மட்டும் வையுங்கள். காய்ந்த பசை போர்டைவிடக் கடினம். ஓரம்வரை பசை போனால் உப்புத்தாள் போடும்போது போர்டு மட்டும் தேய்ந்து, பசை வரப்பாக நிற்கும். அதைப் பட்டி போட்டும் மறைக்க முடியாது. 80, 180, 320 என்று உப்புத்தாள் மாற்றி, இடையில் இரண்டு முறை மெல்லிசாகப் பட்டி பார்த்தால் போதும்.

வாய்தான் பெரிய வேலை. மற்ற கார்களில் கிரில் இருக்கும் இடத்தை வாயாக மாற்றலாம். 500-க்கு இன்ஜின் பின்னால், காற்றால் குளிரும் இரண்டு சிலிண்டர். அதனால் மூக்கு வெறும் தகடு. சின்னத்துக்குக் கீழே, பம்பருக்கு மேலே 4 மி.மீ. ஆழத்துக்குக் குடைந்து, உதட்டை எபாக்சி மக்கில் பிடித்தேன். பம்பரே கீழ் உதடு மாதிரி தெரிய வேண்டும். அப்போதுதான் இத்தாலிய வேகத்தில் பேசுகிறவரின் முகம் வரும்.

சக்கரம்: 35 மி.மீ. ஹோல் சா போட்டால் ஏறக்குறைய 31 வட்டம் விழும், தேய்த்து 30 ஆக்கலாம். 5, 3 மி.மீ. போர்டுகளை ஒட்டினால் தடிமன் சரி. பொம்மைக் கார் ரப்பர் டயர் வேண்டாம். ரப்பரிலிருக்கும் எண்ணெய் கசிந்து எனாமல் பெயின்ட் காயாமல் பிசுபிசுக்கும். வெள்ளைப் பட்டை இல்லாமல் லூயிஜி இல்லை. முழுச் சக்கரத்துக்கும் வெள்ளை அடித்துவிட்டு, நடுத் துளையில் போல்ட் போட்டு டிரில்லில் மெதுவாகச் சுழலவிட்டு, கறுப்பு தோய்த்த பிரஷை வெளி ஓரத்தில் காட்டினால் 3 மி.மீ. வெள்ளை வளையம் கத்தரித்தாற்போல் மிஞ்சும். கறுப்பின் மேல் வெள்ளை அடித்தால் சாம்பல் தட்டும்.

மஞ்சளுக்கு வெள்ளை பிரைமர்தான். சாம்பல் பிரைமர் மேல் மஞ்சள் பச்சை கலந்து தெரியும். மெல்லிய நான்கு பூச்சு, நடுவில் கால் மணி நேரம்.

கருவிழியைக் கடைசியில், ஒட்டி எடுக்கக்கூடிய பசையில் வையுங்கள். கண்ணாடி வளைவு என்பதால் ஒவ்வொரு கண்ணின் நடுவிலும் சரியாக வைத்தால் பார்வை இரு பக்கமும் விலகும். 2 மி.மீ. உள்ளே தள்ளினால் நேராகப் பார்ப்பார். இமைக்கு ஐஸ்கிரீம் டப்பா மூடி. அதை முழுக்க மேலே தூக்கியிருக்கிறேன், படத்தின் கடைசியில், ரேஸ் வீரர் ஷூமாக்கர் குரல் கொடுத்த ஃபெராரி லூயிஜியின் கடைக்கு வரும் காட்சி அது.

நம்பர் பிளேட் 445-108. ஃபெராரி ஆலை இருக்கும் மரனெல்லோவின் அட்சரேகை 44.5, தீர்க்கரேகை 10.8. எழுத்து 3 மி.மீ., ஸ்டிக்கர் தாளில் லேசர் பிரின்ட். இங்க்ஜெட் பிரின்ட் வார்னிஷ் பட்டதும் கரையலாம். அடுத்து துணிக்கூரையின் மடிப்பு, பிறகு லூயிஜியின் கூட்டாளியான ஃபோர்க்லிஃப்ட் குயிடோ.