கேமன் தீவில் வேலை தேடிய ஏழு மாதங்கள்

2016ஆம் ஆண்டு என் மனைவிக்குக் கரீபியக் கடலில் உள்ள கிராண்ட் கேமன் தீவில் செவிலியர் பணி கிடைத்தபோது, மதுரையில் பதினொரு ஆண்டுகள் கணக்கெழுதிய அனுபவத்தோடு நானும் உடன் கிளம்பினேன். பெங்களூருவின் இதய அறுவை மருத்துவர் தேவி ஷெட்டி 2014இல் அத்தீவின் ஈஸ்ட் எண்ட் பகுதியில் மருத்துவமனை தொடங்கியதிலிருந்தே நம் நாட்டுச் செவிலியர்கள் அங்கே போவது வழக்கமாகிவிட்டிருந்தது. வங்கிகளும் முதலீட்டு நிதியங்களும் நிறைந்த ஊரில் கணக்காளனுக்கா வேலை கிடைக்காது என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது.

தன்விவரக் குறிப்பின் இருபது படிகளைக் கோப்பில் வைத்துக்கொண்டு, தலைநகர் ஜார்ஜ் டவுனில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினேன். மூன்றாம் நாள், ஓர் அலுவலகத்தின் வரவேற்பறையில் இருந்த ஜமைக்கா நாட்டு அம்மையார் என்னை உட்காரவைத்து, குளிர்ந்த நீர் கொடுத்து, உள்ள நிலையைப் பொறுமையாக விளக்கினார். துணைவராக வந்தவர் தனக்கென்று தனி வேலை உரிமம் இல்லாமல் ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக் கூடாது. அந்த உரிமத்துக்கு நான் விண்ணப்பிக்க முடியாது, முதலாளிதான் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன் அந்தப் பணியிடத்தை அவர் விளம்பரம் செய்து, தகுதியுள்ள கேமன்காரர் எவரும் இல்லை என்று காட்ட வேண்டும். அந்த அம்மையாருக்கு நான் இன்றும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

இன்னொன்றை நானாகவே உணர்ந்தேன். வருமான வரியே இல்லாத நாட்டில், வரிக் கணக்கில் நான் பெற்றிருந்த தேர்ச்சி யாருக்கும் தேவைப்படவில்லை. ஆனால் அரிசி முதல் ஆணிவரை எல்லாமே கப்பலில் வந்து இறங்கும் ஊர் அது. அரசின் வருவாயில் பெரும்பங்கு இறக்குமதித் தீர்வையிலிருந்தும் பலவகைக் கட்டணங்களிலிருந்தும் வருகிறது. பெரும்பாலான பொருள்களுக்கு 22 விழுக்காடு தீர்வை. ஆகவே சரக்குச் சீட்டையும் தீர்வையையும் கிடங்கு இருப்பையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, ஒரு பொருளின் அடக்கவிலையைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவனுக்கு அங்கே மதிப்பு உண்டு. மதுரையில் ஒரு மரக்கடைக்கு இறக்குமதிக் கணக்குப் பார்த்திருந்தேன்; தன்விவரக் குறிப்பின் கடைசி வரியில் கிடந்த அதை முதல் வரிக்குக் கொண்டுவந்தேன். ஐந்தாம் மாதம் ஒரு கட்டுமானப் பொருள் கடையிலிருந்து அழைப்பு வந்தது.

அதன்பின் நாளிதழில் இரண்டு வாரம் விளம்பரம், கடவுச்சீட்டு அலுவலகம் தந்த காவல்துறைச் சான்று, மருத்துவப் பரிசோதனை என்று மேலும் இரண்டு மாதங்கள் ஓடின. முதல் சம்பளச் சீட்டில் மருத்துவக் காப்பீட்டில் என் பங்கைப் பிடித்திருந்தார்கள்; வரி என்று எதுவும் இல்லை. ஒரு கேமன் டாலர் 1.20 அமெரிக்க டாலருக்குச் சமம் என்பதால் தொகை பெரிதாகத் தெரிந்தாலும், வீட்டு வாடகை அதைச் சீக்கிரமே சமன் செய்துவிட்டது.

உரிமத்தைப் புதுப்பிக்கும் காலம் வந்தபோதுதான் மனம் உண்மையில் கலங்கியது. மாத முடிவில் கிடங்கில் நின்று நான் எண்ணும் சிமெண்ட் மூட்டைகள் உட்பட, என் வேலை முழுவதும், என் சம்பளத்தோடு, மீண்டும் விளம்பரமாக வெளிவந்திருந்தது. சட்டப்படி அது முறைதான். தம் மண்ணில் தம் மக்களுக்கு முதலிடம் தருவதில் தவறு காண எனக்கு உரிமையும் இல்லை. ஆனாலும் அந்த இரண்டு வாரமும் இரவுச் சாப்பாட்டின்போது மனைவியும் நானும் அதைப் பற்றிப் பேசாமலே எழுந்தோம். உரிமம் புதுப்பிக்கப்பட்டது.

கும்பகோணத்துத் தம்பி ஒருவர் அண்மையில் தொலைபேசியில் பேசினார். சுற்றுலா விசாவில் போய் இறங்கினால் வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு முகவர் சொல்லி, உரிமக் கட்டணம் என்ற பெயரில் மூன்று லட்சம் கேட்டிருக்கிறார். அந்தக் கட்டணத்தைச் சட்டப்படி முதலாளிதான் கட்ட வேண்டும், தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்று சொன்னேன். முதலாளியின் பெயரையும் கையொப்பமிட்ட பணி ஆணையையும் முகவரிடம் கேட்டு வாங்கி எனக்கு அனுப்பும்படியும், அதுவரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். முகவரிடமிருந்து அவருக்கு இன்னும் எந்தத் தாளும் வரவில்லை.