தேர்வு முறை மாறினால் படிப்பும் மாறும்

வினாத்தாள் எப்படி வரும் என்று பார்த்துத்தான் மாணவர்கள் படிக்கிறார்கள். அதில் தப்பே இல்லை. அதனால் தேர்வு முறையை முடிவு செய்பவர்தான் அவர்கள் படிக்கும் விதத்தையும் முடிவு செய்கிறார்.

100 மதிப்பெண்ணும் பருவக் கடைசியில் ஒரே மூன்று மணி நேரத் தேர்வுக்கு என்றால், படிப்பு கடைசி வாரத்தில்தான் தொடங்கும். தூக்கம் கெடும். அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல் வந்தால் பருவமே போச்சு. அடித்துப்பிடித்து ஏற்றிக்கொண்டது மனதில் நிற்பதும் இல்லை. 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் செய்த சோதனையில் ஒரு குழு பாடத்தை இரண்டு முறை படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பப் படித்தவர்களே சற்று முன்னால். ஒரு வாரம் கழித்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, மற்றவர்களுக்கு 42தான்.

ஆகவே வாரம் ஒரு பத்து நிமிடத் தேர்வு, தலா 2 மதிப்பெண், மிகக் குறைந்த இரண்டைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நல்ல ஏற்பாடு. ஆனால் ஐந்து பாடத்துக்காரர்களும் திங்கட்கிழமையே வைத்தால் பழைய பதற்றம் வாராவாரம் வரும். ஆசிரியர்கள் முதலில் கூடிப் பேசி நாள் பிரித்துக்கொள்ள வேண்டும்.

கொள்குறி வினாவில் நான்கு விடைகள் இருந்தால், 40 கேள்விக்குக் கண்ணை மூடிக் குறித்தாலே சராசரியாக 10 சரியாகும். தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழித்தால் அது நேராகும். ஆனால் பாதி தெரிந்தும் பயப்படுகிறவர் விட்டுவிடுவார், துணிந்தவர் குறித்துவிடுவார். இன்னொரு கெடுதல், படித்த தவறான விடையே சரி என்று மனதில் தங்கிவிடுவது. அன்றே சரியான விடைகளைச் சொல்லிவிட்டால் அது பெருமளவு குறையும்.

புத்தகம் பார்த்து எழுதும் தேர்வு சுலபம் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். ஆறு கேள்வி, மூன்று மணி நேரம் என்றால் கேள்விக்கு 30 நிமிடம். பக்கம் தேடவே பத்துப் பத்து நிமிடம் போனால் ஒரு மணி நேரம் காலி. தலைப்பும் பக்க எண்ணும் கொண்ட ஒற்றைத்தாள் குறிப்பை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேள்வியும் மாற வேண்டும். ‘சராசரி, இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு): விளக்குக’ என்றால் பார்த்து எழுதுவார்கள். ‘ஒன்பது நோயாளிகள் தலா 10 நிமிடம் காத்திருந்தார்கள், ஒருவர் மட்டும் மூன்று மணி நேரம். சராசரி 27 நிமிடம், இடைநிலை 10. மருத்துவமனை எதை அறிவிக்கலாம், ஏன்?’ என்று கேட்டால் யோசித்தே ஆக வேண்டும்.

வீட்டில் எழுதும் தேர்வுக்கு 24 மணி நேரம் கொடுத்தால் 24 மணி நேரமும் விழித்திருப்பவர்கள் உண்டு. ‘மூன்று மணி நேர வேலை, 1,500 சொல்லுக்கு மேல் வேண்டாம்’ என்று தாளிலேயே அச்சிடுங்கள். ஒப்படைக்கும் நேரத்தை நள்ளிரவில் வைக்காமல் மாலை ஐந்து மணிக்கு வையுங்கள்.

வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி எளிதாக இருக்கட்டும். யோசிக்க இரண்டு நிமிடமும் ஒரு வெள்ளைத்தாளும் கொடுத்தால், வாய் குழறுகிறவரும் தெரிந்ததைச் சொல்லிவிடுவார்.