பீடித் தட்டு

அம்மாவுக்கு மார்பில் கட்டி எடுத்து மூணு வருசம் ஆச்சு. "அதான் குணமாயிட்டுல்லா, பெறவென்ன?" என்று முக்கூடல் பஸ் ஸ்டாண்டில் கேட்காத ஆள் இல்லை. குணம்தான். அடகுச் சீட்டுதான் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

ஆபரேஷனும் கீமோவும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் முடிந்தன. குடும்பத்துக்கு வருசம் 5 லட்சம் வரை. அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஆனால் அட்டை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்காது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போன நாளெல்லாம் எனக்குச் சம்பளம் கிடையாது. அட்மிஷனுக்கு முன்னால் எடுத்த ஸ்கேன் தனி. அக்காவின் ரெண்டு பவுன் செயின் அதில்தான் போனது. மச்சான் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அம்மா நாற்பது வருசம் பீடி சுற்றியவள். தட்டை மடியில் வைத்தால் இலை வெட்டி, தூள் வைத்து, உருட்டி, நூல் கட்டுகிற வரை கண் டிவியில்தான் இருக்கும். அக்குளில் நெறிகட்டிகளையும் எடுத்ததால், சாயங்காலமானால் வலது கை வீங்கிவிடுகிறது. ஆயிரம் சுற்றிய கை முந்நூறில் நிற்கிறது. கூலியோ ஆயிரம் கணக்கில்தான்.

போன வாரம் தமாக்சிஃபென் அட்டையைப் பார்த்தேன். புற்றுநோய் திரும்பி வராமலிருக்கப் போடுகிற மாத்திரை. தினம் ஒன்று, 5 வருசம் என்பது டாக்டர் சொன்னது. தீர்ந்திருக்க வேண்டிய அட்டையில் பாதி மிச்சம்.

"ஒருநாள் விட்டு ஒருநாள் போடுதேன்யா. ரெண்டு மாசத்துக்கு வரும்லா."

திட்ட வாய் வரவில்லை. குறைக்கணும்னா டாக்டர்தாம்மா சொல்லணும் என்றேன். பதில் இல்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தாள்.