ஒரு வகுத்தல் கணக்கு செய்த கொடுமை

அரசு உதவித்தொகையைக் கூடுதலாக வாங்கியவர்கள் யார் என்று கணினி கணக்கிட்டு, பணத்தைத் திரும்பக் கேட்ட ஆஸ்திரேலியாவின் ‘ரோபோடெட்’ திட்டத்தைப் பற்றி வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

அரசு உதவித்தொகை பெற்றவர்களின் ஆண்டு வருமானத்தை எடுத்து, 26 இருவாரங்களுக்கும் சமமாகப் பங்கு போட்டது கணினி. நிலையான சம்பளக்காரருக்கு அது சரி. ஆனால் நான்கு மாதம் வேலை பார்த்து, மீதி நாட்கள் வேலையில்லாமல் உதவித்தொகையில் வாழ்ந்தவருக்கு? வேலையே இல்லாத வாரங்களிலும் அவர் சம்பாதித்ததாகக் கணக்கு வந்தது. உடனே, ‘கூடுதலாக வாங்கிவிட்டீர்கள், திருப்பிக் கட்டுங்கள்’ என்று நோட்டீஸ். தவறு இல்லை என்று நிரூபிக்கும் பாரமும் அவர் தலையில்தான். பல வருடத்துப் பழைய சம்பளச் சீட்டை எங்கே போய்த் தேடுவார்கள்?

2023இல் விசாரணை ஆணையம் இத்திட்டம் நியாயமானதும் இல்லை, சட்டபூர்வமானதும் இல்லை என்றது.

இதில் செயற்கை நுண்ணறிவுகூடக் கிடையாது, வெறும் வகுத்தல். அப்படியென்றால், ஏன் இந்த முடிவு என்று உருவாக்கியவருக்கே சொல்லத் தெரியாத மென்பொருளிடம் ஓய்வூதியத்தையும் மருத்துவ உதவியையும் ஒப்படைத்தால் என்ன ஆகும்? நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை விவகாரத்தில், யாரைச் சந்தேகிப்பது என்று தேர்ந்தெடுக்க மென்பொருளும் பயன்பட்டது; ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தவறாக மோசடிக்காரர்களாக நடத்தப்பட்டன. 2021 ஜனவரியில் அரசே பதவி விலகியது.

தானியங்கி முறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விண்ணப்பங்கள் சீக்கிரம் நகரட்டும். ஆனால் ஒருவருடைய பணத்தை நிறுத்தும்போது காரணத்தை எளிய மொழியில் எழுத்தில் தர வேண்டும். முடிவை மாற்றும் அதிகாரமுள்ள ஒரு மனிதர் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். அதுவரை பணத்தைப் பிடிக்கவே கூடாது.